அண்ணே, எந்த கேமரா வாங்கலாம்?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், மாணவர்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீ வீடியோக்காரன். இத்தனை வருஷமா மேடைக்குக் கீழேயே நின்னு பழகிட்டே. இந்தத் தடவை மேலே ஏறிப் பேசு" என்றார். ஏறிவிட்டேன். ஆனால் கை ரெண்டும் சும்மா இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

இதே கல்லூரியில் 1991 முதல் 1994 வரை இயற்பியல் படித்தேன். குவிலென்ஸின் குவியத் தூரம் கண்டுபிடிக்கும் சோதனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். திரையில் பிம்பம் தலைகீழாகத் தெளிவாக விழ வேண்டும். எனக்கு மட்டும் விழவே விழாது. "உனக்கும் லென்ஸுக்கும் ஆகாதுப்பா" என்றார் எங்கள் பேராசிரியர். ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, முப்பது வருஷமா அந்த லென்ஸ்தான் எனக்குச் சோறு போடுது!

இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் சின்னது. போன மாதம் இந்தக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். குறும்படம் எடுக்கணும், அப்படியே கல்யாண ஆர்டரும் எடுக்கணும் என்று ஆசை. "அண்ணே, மிரர்லெஸ் கேமரா வாங்கப் போறேன். எது பெஸ்ட்? ஒரு பேர் மட்டும் சொல்லுங்க" என்றார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். "அம்மா செயினை அடகு வெச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அந்தச் செயின் என் காதில் விழுந்ததும் நான் பேர் சொல்லவில்லை. "அடுத்த மாசம் காலேஜுல பேசறேன், வந்து உட்காரு" என்று அனுப்பிவிட்டேன். தம்பி இப்போது இங்கேதான் இருக்கிறார்.

முதலில், மிரர்லெஸ் என்றால் என்ன என்று தெரியாத என் வகுப்பு நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. பழைய எஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி உங்கள் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்கினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், படம் பதிவாகும். 2008இல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 என்ற இரண்டு கேமராக்கள் வந்தன. போட்டோ கேமராவிலேயே வீடியோ எடுக்கலாம் என்று காட்டியவை அவை. ஆனால் வீடியோ ஓடும்போது அந்தக் கண்ணாடி தூக்கியபடியே நிற்க வேண்டும். அப்போது கண் வைத்துப் பார்க்கும் இடம் இருட்டு. அதாவது வீடியோக்காரனுக்கு அந்தக் கண்ணாடி வெறும் சுமை. அதே 2008இல் பானசோனிக் ஜி1 என்ற கேமரா கண்ணாடியே இல்லாமல் வந்தது. ஒளி நேராக சென்சாருக்குப் போகும், சென்சார் பார்ப்பதை நாம் திரையில் பார்ப்போம். 2014இல் பானசோனிக் ஜிஎச்4 வந்தபோது, 4கே வீடியோவை கேமராவுக்குள்ளேயே பதிவு செய்ய முடிந்தது. வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் தூக்கி இடது தோள் உயரமாகவும் வலது தோள் தாழ்வாகவும் ஆகிப்போன என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விடுதலை.

விடுதலை வந்ததும் தலைகால் புரியாமல் போய்விடுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. இதுவரை வெளியில் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

2022, வைகாசி, கத்திரி வெயில். ஒரு கல்யாண ஆர்டர். அப்போதுதான் ஒரு புது கேமரா வாங்கியிருந்தேன். பெட்டி மேல் பெரிய பெரிய எண்கள் போட்டிருந்தது. அந்த எண்களைப் பார்த்துத்தான் வாங்கினேன். எந்த கம்பெனி என்பது வேண்டாம். தப்பு கம்பெனியுடையது இல்லை, என்னுடையது. பெண்ணின் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மண்டபத்தில் ஏ.சி. இல்லை. இரண்டு பக்கமும் ஃபோகஸ் லைட் கொளுத்துகிறது. மெயின் கேமராவை ஸ்டாண்டில் போட்டு விடியற்காலையிலிருந்து ஓடவிட்டிருந்தேன். மைக்கும் அதில்தான்.

கெட்டிமேளம் முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் அப்பா காலில் விழுந்தார்கள். அந்த மனுஷன் இடது கையைப் பெண் தலையில் வைத்து வாய் திறந்து, "நல்லாயிரு" என்றார். தெளிவாகச் சொன்னார். மண்டபமே அழுதது. நான் கேமராவைப் பார்க்கிறேன், திரை இருட்டு. சூடு தாங்காமல் தாலி கட்டுக்குச் சற்று முன்னாலேயே தானாக அணைந்திருக்கிறது. இரண்டாவது கேமராக்காரர் தாலி கட்டை எடுத்துவிட்டார். பிறகு அட்சதை போடும் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

வீடியோ கொடுக்கப் போனபோது பெண்ணின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவர் பேசினது இருக்கா தம்பி?" இல்லை என்று சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த அப்பா போய்விட்டார். அந்த ஒரு சொல்லை என்னால் எந்தக் கடையிலும் வாங்கிக் கொடுக்க முடியாது.

அன்றிலிருந்து கேமராக்களை ஒப்பிடும் முறையையே மாற்றிக்கொண்டேன். பெட்டி மேல் உள்ள எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். அதற்கு முன் ஆறு கேள்வி. தம்பி, எழுதிக்கோங்க.

முதல் கேள்வி: நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும்? பழைய கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 வினாடியில் பதிவு நின்றுவிடும். ஏன் தெரியுமா? ஐரோப்பாவில் 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி அதிக சுங்கவரி போட்டார்கள். அதனால் கம்பெனிகளே ஒரு வினாடி குறைத்து வைத்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புதியவற்றில் பெரும்பாலும் இந்த வரம்பு இல்லை, ஆனால் சூடு இருக்கிறது. அதிக பிக்சலைப் படித்து, சுருக்கி, கார்டில் எழுத எழுத உள்ளே சூடேறும். 2023இல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 இரண்டாம் மாடலிலும், சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 கேமராக்களிலும் உள்ளேயே ஒரு குட்டி மின்விசிறி வைத்திருக்கிறார்கள். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-எச்2எஸ் கேமராவுக்கு மின்விசிறியைத் தனியாக வாங்கிப் பின்னால் மாட்டலாம். நம் ஊர் மண்டபத்துக்கு 8கேயைவிட அந்த மின்விசிறி முக்கியம் என்பேன்.

இரண்டாவது: ஓடுகிற ஆளை ஃபோகஸ் விடாமல் பிடிக்குமா? இரண்டு முறை உண்டு. ஒன்று, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எங்கே தெளிவு அதிகமோ அங்கே நிற்பது. நான் லேபில் லென்ஸைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேனே, அதே கதை. இன்னொன்று, சென்சாரிலேயே உள்ள புள்ளிகளை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. இரண்டாவதுக்கு ஃபேஸ் டிடெக்ஷன் என்று பெயர். வீடியோவுக்கு அதுதான் நல்லது. சோனி, கேனன் இதில் முன்பே தேறிவிட்டன. லூமிக்ஸ் வரிசைக்கு இது முதலில் வந்ததே அந்த எஸ்5 இரண்டாம் மாடலில்தான். அதனால் பழைய லூமிக்ஸ் மலிவாகக் கிடைத்தால், படம் அழகாக இருக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால் பிடிக்கப் பழக வேண்டும். அதையும் தெரிந்தே வாங்குங்கள்.

மூன்றாவது: சென்சார் எவ்வளவு வேகமாகப் படிக்கிறது? பெரும்பாலான சென்சார்கள் படத்தை ஒரே நொடியில் மொத்தமாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். மெதுவாகப் படித்தால், கேமராவைச் சட்டென்று திருப்பும்போது மண்டபத்துத் தூண் சாயும். தவில் குச்சி வளையும். போட்டோகிராஃபர் ஃபிளாஷ் அடித்தால் வீடியோவில் பாதிப் படம் மட்டும் வெளுத்துப்போகும். நம் கல்யாண வீடியோக்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். இதற்காகத்தான் நிக்கான் இசட்9, எக்ஸ்-எச்2எஸ் போன்றவற்றில் அடுக்குச் சென்சார் வைத்தார்கள். வேகமாகப் படிக்கும், விலையும் கூடும். நிக்கானின் இசட்6 மூன்றாம் மாடல் 2024இல் பாதி அடுக்குச் சென்சாரோடு நடுவாந்தரமாக வந்தது. எல்லா வரியையும் ஒரே கணத்தில் படிக்கும் முழு ஃபிரேம் சென்சார் முதலில் வந்தது 2023இல் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் மாடலில். அது விளையாட்டுப் போட்டி எடுப்பவர்களுக்கானது. நாம் அதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

இதோடு ஒட்டி ஒரு சின்ன வைத்தியம், காசில்லாமல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவில் 25 ஃபிரேம், ஷட்டர் 50 என்று வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. பல பேர் கேமராவை 30 ஃபிரேம், ஷட்டர் 60 என்று வைத்துவிட்டு, "கேமரா மக்கர் பண்ணுது" என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இருக்காது, அமைப்பில்தான் கோளாறு.

நான்காவது: நிறம் எத்தனை பிட்? 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்று நிறமும் சேர்ந்தால் சுமார் 1 கோடியே 67 லட்சம் வண்ணம். 10 பிட் என்றால் 1024 படிகள், 107 கோடிக்கு மேல். எடுத்ததை அப்படியே கொடுப்பவருக்கு 8 பிட் போதும். பின்னால் உட்கார்ந்து நிறத்தைத் திருத்துபவருக்கு 10 பிட் வேண்டும். அரக்குப் பட்டுப்புடவையும், மஞ்சள் பூசிய முகமும், வெள்ளை வேட்டியும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 200 மெகாபிட் என்றால் 90 ஜிபி. ஆறு மணி நேரக் கல்யாணத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கார்டும் சும்மா கிடைக்காது. வி30 என்று போட்ட கார்டு வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும், அதாவது 240 மெகாபிட். அதற்கு மேல் என்றால் வி60, வி90. வீட்டுக் கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் 10 பிட் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும். கேமரா வாங்கிவிட்டு கம்ப்யூட்டருக்கு இன்னொரு செயினைத் தேடக் கூடாது.

ஐந்தாவது: கை ஆட்டத்தைத் தாங்குமா? இங்கே ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். கேனன் ஆர்6 மார்க் 2 வந்தது 2022இல். ஆர்8 வந்தது 2023இல். இரண்டிலும் 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் சென்சார். ஸ்டாண்டில் போட்டு எடுத்து, இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஆர்8 விலை நன்றாகவே குறைவு. பின்னே வித்தியாசம் எங்கே? ஆர்6இல் சென்சாரையே அசைத்து ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு, ஆர்8இல் இல்லை. ஆர்6இல் இரண்டு கார்டு, ஆர்8இல் ஒன்று. ஆர்6 பேட்டரி 2130 மில்லியாம்பியர் மணி, ஆர்8 பேட்டரி 1040. பாதிகூட இல்லை.

கவனியுங்கள். நிதானமாக ஸ்டாண்ட் போட்டுக் குறும்படம் எடுப்பவருக்கு ஆர்8 வாங்கினால் மிச்சமாகும் பணம் லாபம். அதே கேமராவோடு கல்யாணத்துக்குப் போனால், கார்டு ஒன்று கெட்டால் கல்யாணமே போச்சு. படம் ஒன்றேதான், வேலைதான் வேறு. ஒப்பீடு என்பது இதுதான் நண்பர்களே. எது உசத்தி என்பது அப்புறம், எந்த வேலைக்கு என்பதுதான் முதலில்.

ஆறாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை: காது இருக்கிறதா? மைக் செருகும் துளை, ஹெட்போன் செருகும் துளை இரண்டும் வேண்டும். மைக் மட்டும் இருந்தால் சத்தம் பதிவாகிறதா இல்லையா என்பதை வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்வீர்கள். 2021இல் வந்த சோனி இசட்வி-இ10 சின்ன கேமரா, அதில் கை ஆட்டத்துக்கு சென்சார் அசையாது. ஆனால் இரண்டு துளையும் உண்டு. கேனன் ஆர்50இல் மைக்குக்கு உண்டு, ஹெட்போனுக்கு இல்லை. "நல்லாயிரு" என்ற ஒரு சொல்லைத் தொலைத்தவன் சொல்கிறேன், தயவுசெய்து காதைப் பாருங்கள். இப்போதெல்லாம் நான் ஒரு சின்ன ரெக்கார்டரைத் தனியாக மணமேடையில் வைத்துவிடுகிறேன். கேமரா நின்றாலும் குரல் நிற்காது.

சரி, மெகாபிக்சல்? 4கே படம் ஒன்றுக்கு 3840க்கு 2160. பெருக்கினால் சுமார் 83 லட்சம் புள்ளி. 12 மெகாபிக்சலே போதும். 2020இல் வந்த சோனி ஏ7எஸ் மூன்றாம் மாடலில் 12 மெகாபிக்சல்தான், இருட்டில் வீடியோ எடுப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அதே அளவு சென்சாரில் புள்ளி குறைவு, அதனால் ஒவ்வொரு புள்ளியும் பெரிது. படிக்க வேண்டியதும் குறைவு, அதனால் வேகமாகவும் படிக்கும். சோனி எஃப்எக்ஸ்3யும் 12 மெகாபிக்சல்தான். 2023இல் வந்த 'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தைப் பெரும்பாலும் அந்த கேமராவில்தான் எடுத்தார்கள்.

அதைக் கேட்டதும், "அப்போ எஃப்எக்ஸ்3 வாங்கிட்டா ஹாலிவுட்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே கேமராவுக்குப் பின்னால் தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் இருந்தார்கள், முன்னால் நல்ல லென்ஸ் இருந்தது.

லென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் வாங்குவது கேமரா மட்டுமில்லை, ஒரு குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்கிறீர்கள். கேமரா நான்கைந்து வருஷத்தில் பழசாகும், லென்ஸ் பதினைந்து வருஷம் உழைக்கும். சோனியின் இ மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் என்று வேறு கம்பெனி லென்ஸ்களும் ஏராளம். எல் மவுண்டில் பானசோனிக், லைக்கா, சிக்மா மூன்றும் 2018லிருந்து கூட்டு. கேனன் ஆர்எஃப் மவுண்டில் சிக்மாவும் டாம்ரானும் அனுமதி பெற்று லென்ஸ் செய்வதாக அறிவித்ததே 2024இல்தான், அதுவும் சின்ன சென்சாருக்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார், முழு ஃபிரேமில் ஏறக்குறைய கால் பங்கு. இருட்டில் கொஞ்சம் திணறும், ஆனால் லென்ஸ் சின்னது, தோளில் சுமை குறைவு. ஊர் ஊராக அலைந்து ஆவணப்படம் எடுப்பவருக்கு அதுவும் ஒரு நல்ல வழி.

விலை எதையும் நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று மாறும். ஆனால் கணக்கு மட்டும் சொல்கிறேன். கையில் உள்ள பணத்தில் பாதிதான் கேமராவுக்கு. மீதிப் பாதி லென்ஸ், மைக், இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு, ஒரு நல்ல ஸ்டாண்ட். முழுப் பணத்தையும் கேமராவில் போட்டவர், நல்ல கேமராவை வைத்துக்கொண்டு ஆடுகிற படத்தையும் கேட்காத குரலையும் எடுப்பார்.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்தி, கதவை மூடி, ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அணைந்தால் அது உங்கள் கேமரா இல்லை. வீட்டில் தங்கச்சி குறுக்கும் நெடுக்கும் நடக்கட்டும், ஃபோகஸ் பின்னாலேயே போகிறதா பாருங்கள். டியூப்லைட்டுக்கு அடியில் எடுங்கள். பாட்டியைப் பேசவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். வாடகை உங்களுக்குப் பெரிதாகத் தெரியலாம். அம்மா செயினுக்கான வட்டியைவிடக் குறைவுதான்.

தம்பியிடம் சொன்னேன் அல்லவா, வந்து உட்காரு என்று. பேச்சைக் கேட்கும் வரை பொறுக்காமல், இடையில் என் ஸ்டூடியோவிலிருந்து இரண்டு கேமராக்களை இரண்டு நாள் வாங்கிப் போனார். நேற்று வந்து, "அண்ணே, நான் நினைச்சது வேற, கையில பிடிச்சா வேற. எனக்குச் சின்னதே போதும்ணே. செயினை அடகு வைக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் கேமரா யோசனை கேட்டவர்களில், குறைவாகச் செலவு செய்து சந்தோஷமாகப் போனவர் அவர் ஒருவர்தான்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இப்படி யோசிக்கிற மாணவர்கள் இன்னும் பத்து பேராவது இங்கே இருப்பார்கள். அவர்கள் தொட்டுப் பழக ஒரு கேமரா கல்லூரியிலேயே இருக்கட்டும். என்னிடம் உள்ள ஒரு மிரர்லெஸ் கேமராவையும், இரண்டு லென்ஸையும், ஒரு ஸ்டாண்டையும் இயற்பியல் துறைக்குத் தருகிறேன். நல்ல மைக்கும் ஹெட்போனும் யாராவது ஒரு நண்பர் தர வேண்டும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஐயா, அந்தக் குவிலென்ஸ் சோதனையை இனி அந்த கேமராவை வைத்தும் செய்யச் சொல்லுங்கள். பிம்பம் கட்டாயம் விழும்.